மல்லிகாவின் ஈஎஸ்ஆர்

ஒன்று நாற்பதுக்கு நிறுத்தினேன், இரண்டு நாற்பதுக்குத்தான் பார்க்கவேண்டும். நடுவில் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் நான் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் எப்போதும் உட்காருகிற ஸ்டூலை விட்டுவிட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், சிரிஞ்சுப் பெட்டிகள் அடுக்கிய இந்த மூலையில், சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக லேப் வேலை. கோவில்பட்டியில் பாதிப் பேருடைய ரத்தத்தை இந்தக் கை அந்த நீளக் கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிறுத்தியிருக்கிறது. ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் சிவப்பு கீழே இறங்கும், மேலே மஞ்சளாகத் தெளிநீர் நிற்கும், எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும், அவ்வளவுதான் ஈஎஸ்ஆர். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். எங்கே, எதனால் என்று மட்டும் சொல்லாது. கோள் சொல்லத் தெரியும், ஆளைக் காட்டத் தெரியாது. நல்ல ரத்தம் சோம்பேறி, மெல்ல இறங்கும் என்று வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன், அவர்களும் சிரிப்பார்கள். திங்கட்கிழமை என்னுடையது ஐம்பத்தாறு இறங்கியிருந்தது. என் வயதுக்கு இருபத்தைந்து இருக்கலாம், தள்ளிப்போனால் முப்பது. ஐம்பத்தாறு என்று எழுதும்போது பேனா நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பழக்கம். யாருடைய ரத்தத்தையோ எழுதுகிற மாதிரி எழுதினேன், அதுவும் யாருடைய பெயரிலோதான்.

மல்லிகா, 48, பெண். அப்படி ஒருத்தி கிடையாது. செண்பகவல்லி என்று என் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருந்தால் பில் போடுகிற மெர்சி எட்டு மணிக்கு வந்ததும் பார்த்திருப்பாள், என்னக்கா உங்களுக்கு, எதுக்கு சிஏ 125 எல்லாம் மதுரைக்கு அனுப்புதீக என்று கேட்டிருப்பாள், அதற்கு நான் ஏதாவது சொல்லவேண்டியிருந்திருக்கும், சொன்னால் அது உண்மையாகிவிடும். அதனால் திங்கட்கிழமை காலை ஆறரைக்கே சாவி வாங்கித் திறந்து, யாரும் வருவதற்கு முன்னால், ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, இடது கையில் நானே குத்தி எடுத்தேன். பெயர் என்ன போடுவது என்று யோசித்தபோது, சனிக்கிழமை ஆயுத பூஜைக்கு மெஷின் மேல் போட்ட மல்லிகைச் சரம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, மல்லிகா என்று போட்டேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடியவேண்டும் என்று அவசரம். மேடையைத் துடைத்தேன், ஸ்டாண்டைச் சுவர்ப் பக்கம் ஒரே தள்ளு தள்ளினேன், குழாயை நிறுத்தினேன். பிறகு மெர்சி வந்தாள், வந்ததும் வராததுமாக, "பிள்ளையார எங்கக்கா, கரைச்சாச்சா?" என்றாள். பூஜைக்கு மஞ்சளில் பிடித்துவைத்த பிள்ளையாரை மறுநாளோ அதற்கு மறுநாளோ தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுவதை அவள்தான் வருஷா வருஷம் ஞாபகப்படுத்துவாள், சர்ச்சுக்குப் போகிறவளுக்கு என் பிள்ளையார் மேல் என்னைவிட அக்கறை. கரைச்சாச்சு என்று சொல்லிவிட்டேன். கரைத்தேனா இல்லையா என்றே நினைவில்லை. அவள் என்ன கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன், மனம் முழுக்க வயிற்றில் இருந்தது. உள்பாவாடை நாடாவை இரண்டு மாதமாகத் தளர்த்தித் தளர்த்திக் கட்டுகிறேன். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கமாட்டேன் என்கிறது. வாயு, பூண்டைச் சுட்டுத் தின்னு என்கிறார் வீட்டில். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எந்தக் கம்பத்தில் என்ன பழுது என்று கீழே நின்றே சொல்லிவிடுவார், பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு எப்போதும் வாயுதான்.

சித்திக்கும் வாயு என்றுதான் சொன்னார்கள். என் அம்மாவின் தங்கை, வேலம்மாள் சித்தி, தீப்பெட்டி ஆபீஸில் கட்டைச் சட்டங்களில் குச்சி அடுக்குகிற வேலை, ஒரு நாளைக்கு ஒரு சட்டம் குறைந்தால்கூட வாய் சும்மா இருக்காது, தன்னையே திட்டிக்கொள்வாள். வயிறு உப்பியது, ஓமத் தண்ணீர் குடித்தாள். இன்னும் உப்பியது, கிண்டல் செய்தார்கள், இந்த வயசுல என்ன விசேஷம் வேலம்மா என்று. அவளும் சேர்ந்து சிரித்தாள். பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. ஒருநாள் லேபுக்கு வந்து, ஏட்டி செம்பகம், சும்மா ஒரு ரத்தம் எடுத்துப் பாரேன், காசு கீசு கேக்கமாட்டேல்ல என்றாள். எடுத்தேன். ஈஎஸ்ஆர் நூற்றுப் பத்து. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் எதிரே நின்றுகொண்டு என் முகத்தையே பார்க்கிறாள், என்னட்டி, கூடவா குறையவா என்கிறாள், நான் என்ன சொன்னேன், ஒண்ணுமில்ல சித்தி, சளி இருந்தாக்கூட இது கூடும், ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம் என்றேன். சளி இருந்தால் கூடும்தான், அது பொய் இல்லை. சித்திக்குச் சளி இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். அவள் ஒரு வாரம் கழித்து வரவில்லை, தீபாவளி ஆர்டர், தை மாசம் வந்தாள். அதற்குள் சினைப்பையிலிருந்து வயிறு முழுக்கப் பரவியிருந்தது. மதுரையில் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். கடைசியில் ஒருநாள், நீதான் சளின்னியேட்டி என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே போவேன், அவள் கேட்கவே இல்லை, கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்து, ஊசி குத்துனா வலிக்கவே வலிக்காது இவ கைக்கு என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் என்னைப் பற்றிப் பெருமை பேசினாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை. இப்போது மணி என்ன, இரண்டு ஐந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது.

டாக்டர் கோமதி நல்ல மனுஷி, படபடவென்று பேசினாலும் மூடி மறைக்கமாட்டாள். ஸ்கேனில் இடது சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டரில் நீர்க்கட்டி. சுவர் மெலிசா இருக்கு, உள்ள வெறும் தண்ணிதான், பாக்க நல்ல கட்டிதான் என்றாள். கட்டியில் என்ன நல்லது கெட்டது, வந்த பிறகு. எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு டெஸ்ட் எழுதினாள், புற்றுநோய்க்குப் பார்க்கிற சிஏ 125, அழற்சிக்குப் பார்க்கிற சிஆர்பியும் ஈஎஸ்ஆரும், அணுக்களின் கவுண்ட். சிஏ 125 மதுரையிலிருந்து நாற்பத்தேழு என்று வந்தது, முப்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும். பீரியட்ஸ் நேரத்துலயா எடுத்தீங்க என்று கேட்டாள், ஆமாம், திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது நாள். அதுலயே கொஞ்சம் ஏறும், இத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது என்றாள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற நம்பர்களையும் கூட வைத்துப் பார்க்கவேண்டுமாம். வெள்ளையணுவில் நியூட்ரோஃபில் எவ்வளவு, லிம்போசைட் எவ்வளவு, ஒன்றை ஒன்றால் வகுத்தால் என்ன வருகிறது, கூடுதலாக வந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தமாம், சினைப்பைக் கட்டியிலும் இதைக் கவனிக்கிறார்களாம். எனக்கு ஐம்பத்தெட்டு, முப்பத்துநான்கு. ஒன்று புள்ளி ஏழு, பயப்பட ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் நான் என்ன செய்தேன் தெரியுமா, ஸ்டோர் ரூமில் ஏறி, பழைய பதிவேடுகளைக் கிளறி, பதினான்கு வருஷத்துத் தூசியில் சித்தியின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். எண்பத்துநான்கு, பத்து. வகுத்தால் எட்டு சொச்சம். என் கையாலேயே அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன், ஒரு கோடு போட்டு வகுத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அதைச் சொன்னபோது டாக்டர் கடிந்துகொண்டாள். "செண்பகம், பல்லுல சீழ் வச்சாக்கூட எட்டு வரும். இதெல்லாம் புகை மாதிரி. புகை வருதுன்னு தெரியும், யாரு வீட்டு அடுப்புன்னு தெரியாது. போய்ப் பாக்கணும், அவ்வளவுதான்." பிறகு என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்குச் சிஆர்பி நார்மல், கவுண்ட் நார்மல். இந்த ஈஎஸ்ஆர் மட்டும் ஏன் இப்படிப் பாயுதுன்னு புரியல. வியாழக்கிழமை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா காத்துக்கிட்டு இருக்கவேண்டாம், மதுரைக்கு எழுதித் தாரேன், வெள்ளிக்கிழமையே போயிருங்க."

இன்றைக்கு வியாழக்கிழமை. நல்ல சேதி சொன்ன நம்பர்கள் மூன்று இருந்தன, ஒன்றையும் நம்பவில்லை. கெட்டது சொன்ன ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மெஷின் எழுதித் தருவது மெஷினுடைய பேச்சு, ஈஎஸ்ஆர் என் கண் பார்த்து எழுதியது. அதுவுமில்லாமல் சித்திக்கு அதுதான் முதலில் சொன்னது, அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை, இன்றைக்கு வாங்கிக்கொள் என்று எனக்கே சொல்கிறது. நான்கு நாளாக இந்த ஒரே தடத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், சாவைப் பற்றி நினைக்கிறேன் என்று பெயர், நினைப்பெல்லாம் குக்கர் கேஸ்கட்டில்தான் போய் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை பாத்திரக்கடை வாசலில் நின்றேன். வீட்டில் கேஸ்கட் தளர்ந்து ஆவி பக்கவாட்டில் போகிறது, புதிது வாங்கவேண்டும். ஒரு கேஸ்கட் ஒரு வருஷம் வரும். ஒரு வருஷம் எதற்கு என்று தோன்றியது. வாங்காமல் திரும்பிவிட்டேன். தீபாவளிக்கு எனக்குச் சேலை வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன், ஏன் என்றுகூடக் கேட்காமல் சரி என்றார், அதற்கு ஒரு கோபம். திருநெல்வேலியில் படிக்கிற மகள் போனில், அம்மா உன் குரலே சரியில்ல என்றாள், அதற்கு ஒரு அழுகை. இரண்டு விசிலில் வேகவேண்டிய அரிசி ஐந்து விசிலுக்கும் வேகவில்லை, நான் போன பிறகும் இவர் அந்தக் கேஸ்கட்டை மாற்றாமல் அரைவேக்காட்டுச் சோற்றையே தின்றுகொண்டிருப்பார் என்று நினைத்து நேற்று அடுப்படியில் நின்று அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பயமாக இருக்கிறது, சாக எனக்கு இஷ்டமில்லை. இரண்டு இருபத்திரண்டு ஆகிறது, வெளியே தூறல் விழுகிறது, மெர்சி டிபன் பாக்ஸ் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது, கண் போய்விட்டது. எப்போதும் நேர் எதிரே உட்கார்ந்துதான் பார்ப்பேன், இன்று பக்கவாட்டில் இருக்கிறேன், அதனால் குழாயின் கோடுகள் தெரியவில்லை, எத்தனை இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை, நல்லது. குழாய் மட்டும் ஒரு சிவப்புக் கோடாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் கம்பிகள். கம்பி நேராக இருக்கிறது. குழாய் நேராக இல்லை. நான் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதும் இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கண் இழுக்கிறது என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தேன். கம்பி நேர், குழாய் சாய்வு. ஸ்டாண்டே முன்பக்கமாக, நான் தினமும் உட்காருகிற ஸ்டூலைப் பார்த்துக் குனிந்துகொண்டு நிற்கிறது. எதிரே உட்கார்ந்தவள் கண்ணுக்கு அந்தக் குனிவு எப்படித் தெரியும். முதல் வருஷப் பாடம் இது, குழாய் செங்குத்தாக நிற்கவேண்டும், சாய்ந்தால் சிவப்பணு ஒரு பக்கச் சுவரில் ஒதுங்கிச் சறுக்கிக்கொண்டு விறுவிறு என்று இறங்கிவிடும், இல்லாத வியாதியைக் காட்டும். எழுந்து போனேன். ஸ்டாண்டைத் தொடவில்லை. குனிந்து கன்னத்தை மேடையில் வைத்து அடியில் பார்த்தேன். பின்பக்கக் காலுக்கு அடியில், சுவரோரமாக, வெற்றிலையோடு சேர்ந்து நசுங்கி, பாதிக் கொட்டைப்பாக்கு அளவுக்கு, காய்ந்து கல்லாகி, நெற்றியில் குங்குமத்தோடு, பிள்ளையார்.

பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்திவைப்பது வழக்கம், அதோடு பூஜை நிறைவு. சனிக்கிழமை நான்தான் நகர்த்தினேன், வடக்கே இந்தச் சுவர்தான், ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் என் ரத்தத்தை நிறுத்துகிற அவசரத்தில் ஸ்டாண்டை ஒரே தள்ளாகத் தள்ளினது அவர் மேல்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள், நான் பிள்ளையார் பிடித்துப் புற்றுநோயே ஆக்கிவிட்டேன். சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பானது, எனக்கே எது எது என்று தெரியவில்லை. இரு, இரு, அவசரப்படாதே. சாய்ந்திருந்தது என்றால் நம்பர் தப்பு என்று அர்த்தம், நல்ல நம்பர் என்று அர்த்தமில்லை. நேராக நின்றிருந்தால் ஐம்பது வந்திருக்கும், அவ்வளவாக வித்தியாசமில்லாமல் போகும், அப்படியும் இருக்கலாம் அல்லவா. பிள்ளையாரைக் கத்தியால் நெம்பி எடுத்து, கண்ணில் ஒற்றி, ஒரு கிண்ணத்தில் வைத்தேன். மேடையைத் துடைத்தேன். ஸ்டாண்டைச் சமதளத்தில் வைத்து, இவர் எப்போதோ என் பையில் போட்டுவைத்த சின்ன ரசமட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. இதையெல்லாம் பையில் ஏன் திணிக்கிறீர்கள் என்று அன்று சண்டை போட்டேன். மீதியிருந்த ரத்தத்தைக் கலக்கிப் புதுக் குழாயில் ஏற்றினேன். இரண்டு நாற்பத்தொன்று. மறுபடி ஒரு மணி நேரம்.

இந்த மணி நேரம் முந்தைய மணி நேரம் மாதிரி இல்லை. அப்போது பயம் மட்டும் இருந்தது, அது ஒரு மாதிரி உட்கார இடம் கொடுத்தது. இப்போது ஆசை வந்துவிட்டது, ஆசை உட்காரவிடமாட்டேன் என்கிறது. எழுந்து ஊசிகளை எண்ணினேன், எண்ணியதை மறந்தேன். பிள்ளையாரப்பா, முப்பதுக்குள் கொண்டுவந்துவிடு, நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன், முட்டி போனாலும் பரவாயில்லை என்றேன். கழுத்தில் ஸ்டாண்டை ஏற்றிவிட்டு வரம் கேட்கிறாள் பார் என்று அவர் நினைத்திருப்பார். சித்தியின் நினைவு வந்தது. அவளுக்கு வைத்தபோதும் சாய்ந்திருக்குமோ என்று ஒரு கணம் மனம் ஓடியது, ஓடிப்போய் அங்கே ஒளிந்துகொள்ளப் பார்த்தது. இல்லை. சித்திக்கு வைத்த அன்றைக்கு ஸ்டாண்ட் நேராகத்தான் இருந்தது, நூற்றுப் பத்து நூற்றுப் பத்துதான், சாய்ந்திருந்தது நான்தான், ஒரு சொல் சொல்லப் பயந்து. இதற்கு ரசமட்டம் வைக்க முடியாது. அப்புறம்தான் வேறொன்று தலையில் இடித்தது. திங்களிலிருந்து இந்த ஸ்டாண்டில் நின்றது என் ரத்தம் மட்டுமா. நேற்று மெர்சி ரிப்போர்ட் அடிக்கும்போது, என்னக்கா இந்த வாரம் வாரவுக எல்லாருக்குமே ஈஎஸ்ஆர் கூடியிருக்கு என்றாள், மழைக் காய்ச்சல் காலம்ட்டி என்று நான் பெரிய டாக்டர் மாதிரி பதில் சொன்னேன். கழுகுமலையிலிருந்து மூட்டுவலி என்று வந்த சீனியம்மாளுக்கு எழுபது. அந்த அம்மாள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "தாயி, இது பெரிய வியாதியா?" என்று கேட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. டாக்டர்கிட்ட கேளுங்கம்மா என்று அனுப்பிவிட்டேன். அவள் வீட்டிலும் யாரோ ஒரு கேஸ்கட் வாங்காமல் திரும்பியிருப்பார்கள்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். இருபத்திரண்டு. மறுபடி பார்த்தேன், கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தேன், இருபத்திரண்டு. மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக விரல் வைத்து மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன், இருபத்திரண்டில் சிவப்பு ஆரம்பித்தது. அதற்குக் கீழே அவ்வளவு நீளத்துக்கும் சிவப்பாகவே நின்றது, சோம்பேறி ரத்தம், என் கண்ணே, என் தங்கமே, இறங்காமல் நின்றாயே. டாக்டர் கோமதிக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். "பிள்ளையாரா?" என்றாள், டாக்டர் என்பதை மறந்து கடகடவென்று சிரித்தாள். சிரித்து முடித்து, பழைய குரலில், "கட்டி இருக்கு செண்பகம், அது இல்லேன்னு ஆகல. ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன், சிஏ 125 மறுபடி, இந்தத் தடவை பீரியட்ஸ் இல்லாதப்ப எடுக்கணும். ஆனா நாளைக்கு மதுரைக்கு ஓடவேண்டியதில்ல. வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்காவது சொல்லுங்க" என்றாள். ஆறு வாரம். அதற்குள் தீபாவளி வந்து போய்விடும், கார்த்திகை பிறந்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒரு கேஸ்கட் தாராளமாக வாங்கலாம். சினைப்பையில் கட்டியோடு, முழுசாக விடுதலை ஆகாமல், எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நிற்பது சரியா தப்பா என்று தெரியவில்லை, வந்து நின்றது. பசித்தது. நான்கு நாளில் முதல்முறையாக, நாலு இட்லி தின்கிற மாதிரி பசித்தது.

முகம் கழுவிக்கொண்டு பதிவேட்டை எடுத்துப்போய் மெர்சியின் மேஜையில் வைத்தேன். பிள்ளையார் இருந்த கிண்ணத்தையும் வைத்தேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கரைச்சாச்சுன்னீக."

"கரைக்கல. ஸ்டாண்டுக்கு அடியில கிடந்தாரு. திங்கக்கிழமைலேருந்து போட்ட ஈஎஸ்ஆர் அம்புட்டும் தப்பு மெர்சி. ஓனர் சாயங்காலம் வருவாருல்ல, நானே சொல்லிக்கிடுதேன், ஏசுனா ஏசட்டும். இப்ப எல்லாருக்கும் போன் போடணும். தப்பு எங்க மேல, காசு வேண்டாம், நாளைக்கு வெறும் ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போங்கன்னு சொல்லணும். உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிராத. அது மறுபடி பாத்தாத்தான் தெரியும்."

அவள் பதிவேட்டைத் திருப்பி, திங்கட்கிழமைப் பக்கத்தில் விரல் வைத்தாள். எண்ணிப் பார்த்தாள். "பதினோரு பேரு."

"கழுகுமலைச் சீனியம்மாளுக்கு மொதல்ல போடு. அவுகட்ட நான் பேசுதேன்."

"போடுதேன். வரிசைப்படி மொத ஆளு மல்லிகா, நாப்பத்தெட்டு." போனைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். "இவுகளுக்குப் போன் நம்பரே எழுதலையேக்கா."

"அவகிட்ட நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"அழுதா."

மெர்சி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து அவளுடைய இரண்டாவது டிபன் பாக்ஸை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் இரண்டு டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறாள் என்பதும், தினமும் ஒன்றைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போகிறாள் என்பதும், அது எனக்காகத்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இருக்கட்டும்" என்றாள், சீனியம்மாளின் நம்பரை அழுத்திக்கொண்டே. "மல்லிகாவ மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க."